சைடர் கற்கலாம், வினிகர் விற்கலாம்

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் தக்காளிச் சந்தையில் விலை சரிந்த வாரங்களில், வண்டிக்கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று பெட்டிகளைச் சாலையோரம் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சிலர் உணவுத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறார்கள். சிலர் பெங்களூருவில் வேலைக்குப் போய், சைடர் என்ற பானம் நல்ல விலைக்கு விற்பதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இரு தரப்பாரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து எங்கோ ஒரு தொழிலே நடக்கிறது. நம்ம ஊர்ப் பழத்தை வைத்து வீட்டிலேயே சின்னதாக ஆரம்பித்தால் என்ன?

கேட்க வேண்டிய கேள்விதான். வீட்டில் ஆரம்பிக்காதீர்கள், ஆனால் அந்த வித்தையைக் கற்காமலும் விடாதீர்கள் என்பது என் பதில். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

முதலில் சட்டம்

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் சைடர் செய்வது குற்றம். ராஜாஜி ஆட்சியில் வந்த 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் அடிப்படை அந்தச் சட்டம்தான். டாஸ்மாக் கடை திறந்திருப்பதால் மதுவிலக்குச் சட்டம் செத்துப்போய்விட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கடையும் ஆலையும் அதே சட்டத்தின்கீழ் கிடைத்த அனுமதியில்தான் ஓடுகின்றன. அனுமதி இல்லாதவர் மது தயாரிப்பதும், தயாரிக்கும் நோக்கத்தோடு பாத்திரமும் பொருளும் வைத்திருப்பதும் தண்டனைக்குரியவை. ‘விற்கவில்லை, வீட்டுக்கு மட்டும்தான்’ என்ற விளக்கம் எடுபடாது. கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கலாம். வழக்கம் இருப்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது. பனையும் தென்னையும் நிற்கும் இந்த மண்ணிலேயே கள் இறக்குவதற்கு 1987 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த பிறகு, சட்டசபை தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது. பழச்சாறு புளித்து அப்படிப்பட்ட விஷம் வருவதில்லை. அங்கே கலந்தது தொழிற்சாலை மெத்தனால். ஆனாலும் சோதனைக்கு வரும் காவலர் கண்ணுக்கு, உங்கள் வீட்டுக் கேனில் நுரைத்துக்கொண்டிருப்பது ‘ஊறல்’. அரசுத் தேர்வு, பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை என்று காத்திருக்கும் வயதில் ஒரு மதுவிலக்கு வழக்கு உங்கள் பெயரில் பதிவானால் எத்தனை கதவுகள் அடைபடும் என்று யோசியுங்கள்.

கடல் கடந்தவர்களின் நிலை வேறு. பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் சைடர் புளிக்கவைக்கலாம், காய்ச்சி வடிக்கத்தான் கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது 757 லிட்டர் வரை செய்துகொள்ளலாம். டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் உங்கள் சித்தப்பா மகனுக்கு இந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி அப்படியே செய்முறை. அய்யலூரில் இருக்கும் உங்களுக்கு அது பாடம்.

ஐந்து லிட்டரில் முழுப் பாடம்

நல்ல ஆப்பிள் எட்டு, ஒன்பது கிலோ இருந்தால் வீட்டு முறையில் ஐந்து லிட்டர் சாறு கிடைக்கும். அழுகியது, பூஞ்சணம் பிடித்தது எதையும் சேர்க்கக் கூடாது. புளித்துத்தானே போகப்போகிறது என்று நினைப்பது புதியவர்கள் பலர் செய்யும் தவறு. அழுகல் ஆப்பிளில் வளரும் பூஞ்சை பாட்டுலின் என்ற நச்சை விட்டுச்செல்கிறது. ஆப்பிள் சாற்றில் அதன் உச்சவரம்பு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். மாடு மேயும் தோப்பில் உதிர்ந்து தரையில் கிடந்த பழத்தில் சாணத்தின் கிருமி ஒட்டியிருக்கும், அதுவும் ஆகாது. கடையில் வாங்கும் பாக்கெட் சாறு என்றால் லேபிளைப் படியுங்கள். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் இரண்டில் ஒன்று சேர்ந்திருந்தாலும் ஈஸ்ட் சரியாக எழாது.

பழத்தைக் கழுவி, துருவி அல்லது அரைத்து, துணியில் கட்டிப் பிழிய வேண்டும். பித்தளை, செம்பு, அலுமினியம் வேண்டாம். அமிலம் உலோகத்தை அரித்து இறக்கிவிடும். கண்ணாடி, எவர்சில்வர், உணவுத் தர பிளாஸ்டிக் இவைதான் சரி.

அடுத்தது அளவு. இந்த வித்தையில் பாதி இதில்தான் இருக்கிறது. சாற்றில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் ஆப்பிளுக்குப் பெரும்பாலும் 1.045 முதல் 1.055 வரை காட்டும். சாற்றில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். பிஎச் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை வர வேண்டும். 3.8-க்கு மேலே போனால் கெடுக்கும் பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்ததாகும். சாற்றோடு வந்த காட்டு ஈஸ்ட்டை அடக்குவதற்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் போடுவார்கள். தோட்டக்கலைப் பயிற்சிகளில் கே.எம்.எஸ். என்பார்களே, அதுதான். ஐந்து லிட்டருக்கு அரை கிராமுக்கும் குறைவு. கண் மதிப்பில் போடும் பொருள் அல்ல, சின்னத் தராசு வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதன் பொடியை முகரக் கூடாது. ஒரு நாள் கழித்து ஈஸ்ட்டைத் தூவலாம். ஐந்து கிராம் ஒயின் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று இருபது லிட்டருக்குத் தாங்கும். பேக்கரி ஈஸ்ட்டும் வேலை செய்யும், வாசனைதான் சுமாராக இருக்கும்.

கலனை முழுக்க நிரப்பாமல் ஐந்தில் நான்கு பங்கு நிரப்பி, ஏர்லாக் பொருத்துங்கள். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 100 கிராம் வீதம் ஐந்து லிட்டரில் 500 கிராம் சர்க்கரை. அதில் கிட்டத்தட்ட பாதி எடை கரியமில வாயுவாக வெளியேறுகிறது. கொள்ளளவில் 120 லிட்டருக்கும் மேல். இறுக மூடிய கண்ணாடி பாட்டிலில் இந்த வாயு சிக்கினால் பாட்டில் வெடித்துச் சில்லு பறக்கும். கண் போனவர்கள் உண்டு.

15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் வைத்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொதிப்பு அடங்கும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டினால் முடிந்தது என்று கொள்ளலாம். தொடக்க அளவிலிருந்து கடைசி அளவைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் வரும். 1.048-இல் தொடங்கி 1.000-இல் நின்றால் சுமார் 6.3. வண்டலைக் கலக்காமல் தெளிவை மட்டும் சிறு குழாயால் வேறு கலனுக்கு மாற்ற வேண்டும். நுரை வேண்டுமானால் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்து, அழுத்தம் தாங்கும் பாட்டிலில் அடைக்கலாம். அதற்கு மேல் சர்க்கரை போடாதீர்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் தேதி, வெப்பம், அளவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். பாத்திரத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு கிருமிநீக்கி விட்டு அலச வேண்டும். அழுக்கு இருக்கும் இடத்தில் கிருமிநீக்கி வேலை செய்யாது. ஒயின் ஆலையோ பால் பண்ணையோ, எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் மாதம் பெரும்பாலும் இந்தக் கழுவல்தான். அதை ஒழுங்காகச் செய்பவரைத்தான் அடுத்த வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

அய்யலூர் வெயில் யாருக்கு நல்லது?

நம் ஊர் வெயிலில் சைடர் சரியாக வராது. ஏப்ரல், மே மாதங்களில் திண்டுக்கல் சமவெளி 38, 40 டிகிரிக்குப் போகிறது. 28 டிகிரியைத் தாண்டினாலே ஈஸ்ட் அவசரமாக வேலை செய்து காரமான, தலைவலி தரும் ஆல்கஹால் வகைகளைக் கூட்டிவிடும். 35-ஐத் தாண்டினால் பாதியிலேயே சோர்ந்து நின்றுவிடும். குளிர்பதன அறை வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். மாவட்டத்துக்குள்ளேயே இயற்கையான குளிர் வேண்டுமென்றால் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் இருக்கிறது.

ஆனால் அசிட்டிக் பாக்டீரியாவுக்கு 28 முதல் 32 டிகிரி மிகவும் பிடித்தமான வெப்பம். அது ஆல்கஹாலை உண்டு அமிலமாக்குகிறது, அதாவது வினிகர். ஈஸ்ட்டுக்குக் காற்று வராமல் மூடினோம். இதற்குக் காற்று வேண்டும். சைடர்காரர் பார்த்து அஞ்சும் பாக்டீரியாதான் வினிகர்காரருக்குச் சோறு போடுகிறது. லூயி பாஸ்டர் 1860-களில் பிரான்ஸின் ஓர்லியான் ஊர் வினிகர்காரர்களின் பீப்பாய்களை ஆராய்ந்து, மேலே படரும் மெல்லிய ஆடை உயிருள்ளது, வினிகரை ஆக்குவது அதுதான் என்று நிறுவினார். குளிர்ந்த ஊர்க்காரர்கள் அடுப்புக் காய்ச்சிக் கொடுத்த சூட்டை நமக்கு ஆண்டில் முக்கால்வாசி நாள் கூரையே கொடுத்துவிடுகிறது. மே மாத நடுப்பகலில் மட்டும் அதற்கும் நிழல் வேண்டும். அதனால்தான், கற்பது சைடர் பாடமாக இருக்கட்டும், விற்பது வினிகராக இருக்கட்டும் என்கிறேன்.

புளிப்பை அடக்கும் அறிவு இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. பதநீர் இறக்குபவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது எதற்காக? சுண்ணாம்பு காரத்தைக் கூட்டி ஈஸ்ட்டைத் தடுக்கிறது. தடவாவிட்டால் மதியத்துக்குள் கள்ளாகிவிடும். பிஎச் மீட்டர் வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே பிஎச்சைக் கையாண்ட ஆட்கள் அவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் இந்தத் தொழிலுக்கு வந்தால், அதைத் தன் தகுதியாகவே சொல்லிக்கொள்ளலாம்.

எந்தப் பழம் தேறும்?

கவிழ்க்கப்படும் தக்காளியைக் காப்பாற்றலாம் என்றுதான் முதலில் தோன்றும். தக்காளிச் சாற்றில் கரைந்த பொருள் 4, 5 பிரிக்ஸ்தான், அதாவது நூறு கிராமுக்கு 4, 5 கிராம். பிரிக்ஸ் எண்ணைப் பாதியாக்கிச் சற்றே கூட்டினால் வரக்கூடிய ஆல்கஹால் சதவீதம் தெரியும். தக்காளிக்கு இரண்டு, இரண்டரை. அதிலிருந்து வரும் வினிகர் சட்டம் கேட்கும் அமில அளவை எட்டாது. சர்க்கரை கொட்டி ஈடுகட்டினால் வினிகர் சர்க்கரையிலிருந்துதான் வரும், தக்காளி பெயருக்கு நிற்கும். தக்காளிக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பன்னீர் திராட்சை 15 பிரிக்ஸுக்கு மேல் போகும். சின்னாளபட்டி, வெள்ளோடு பக்கத்திலேயே விளைகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொத்திலிருந்து உதிர்ந்த, ஆனால் அழுகாத மணிகள் வினிகருக்கு அருமையான சரக்கு. ஆயக்குடி கொய்யா 8 முதல் 12 வரை வரும். மணம் தூக்கும், ஆனால் பெக்டின் அதிகம் என்பதால் தெளியாமல் கலங்கியே நிற்கும், பெக்டினேஸ் நொதி சேர்க்க வேண்டியிருக்கும். சிறுமலை வாழைப்பழத்தில் சர்க்கரை இருபதுக்கு மேல், புளிப்பு மிகக் குறைவு. தண்ணீர் விட்டு இளக்கி, எலுமிச்சைச் சாற்றால் பிஎச்சைக் கீழே இறக்காமல் தொட்டால் இரண்டே நாளில் நாறிவிடும். சிறுமலையில் எலுமிச்சையும் விளைகிறது என்பது வசதி.

சைடருக்கு நெருங்கிய சொந்தம் என்றால் கொடைக்கானல் பேரிக்காய். ஐரோப்பாவில் பேரிக்காய்ச் சைடருக்கு ‘பெர்ரி’ என்று தனிப் பெயரே உண்டு. பேரிக்காயில் உள்ள சார்பிட்டால் என்ற சர்க்கரையை ஈஸ்ட்டால் உண்ண முடியாது. அதனால் எவ்வளவு புளித்தாலும் அடியில் ஒரு மென்மையான இனிப்பு தங்கும். வினிகராக்கினாலும் அந்த மென்மை போவதில்லை. சைஸ் சிறுத்தது, தோலில் கறை விழுந்தது என்று வியாபாரி ஒதுக்கும் பேரிக்காயை நம் மாவட்டத்தில் யாராவது இப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்படுகிறேன்.

இன்றைக்கே தொடங்கக்கூடிய பயிற்சி

சட்டச் சிக்கல் இல்லாமல் கையைப் பழக்க ஒரு வழி, உப்பில் புளிக்கவைப்பது. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாதான் இங்கே வேலைக்காரர். இந்த முறையில் நோக்கம் ஆல்கஹால் அல்ல, அமிலம்.

விலை சரிந்த வாரத்தில் கெட்டியான, பழுத்த தக்காளி இரண்டு கிலோ, காய்ந்த மிளகாய், பூண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்து, மொத்த எடையில் 3 சதவீதம் கல்லுப்பு. கரகரப்பாக அரைத்து, வாய் குறுகிய கண்ணாடி ஜாடியில் அழுத்தி நிரப்பி, ஏர்லாக் போடுங்கள். இல்லாவிட்டால் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். நம் வெயிலில் ஐந்து நாளிலேயே நன்றாகப் புளித்துவிடும். நாளுக்கு ஒரு முறை பிஎச் எடுத்து எழுதுங்கள். தக்காளி 4.3 அளவில் தொடங்கும், 4-க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். மேலே வெள்ளை ஆடை படிந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். பச்சை, கறுப்புப் பூஞ்சணம் கண்டால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள். சரியாக வந்ததைக் கொதிக்கவைத்து அடைத்தால் அருமையான மிளகாய் சாஸ்.

இதில் பழகும் நிறுவை, பிஎச், காற்றுத் தடுப்பு, நோட்டு நான்கும் சைடரிலும் வினிகரிலும் மாறாமல் வரும். தக்காளிப் பெட்டிக்கும் ஒரு வழி பிறந்தது.

வினிகர் யூனிட் போட நினைப்பவருக்கு

பழத்திலிருந்து வினிகர் வரும் வழியில் ஒரு கட்டத்தில் ஆல்கஹால் உருவாகத்தான் செய்யும். ஆகவே முதல் வேலை திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் உதவி ஆணையர் (கலால்) பிரிவுக்குப் போய், செய்முறையை எழுதிக் கொடுத்து, என்ன அனுமதி தேவை என்று எழுத்தில் பதில் வாங்குவது. அந்தப் பதில் கைக்கு வரும்வரை ஒரு லிட்டர் சாற்றைக்கூடப் பீப்பாயில் ஊற்றாதீர்கள். வாய்மொழியாக ‘பரவாயில்லை’ என்று யாராவது சொன்னால் அதை நம்பி முதல் போடக் கூடாது. ஒயினுக்கு 2006-ஆம் ஆண்டு தயாரிப்பு விதிகளும் புளிக்காத தென்னஞ்சாறான நீராவுக்கு 2017-ஆம் ஆண்டு விதிகளும் இந்த மாநிலத்தில் இருக்கின்றன. முறைப்படி கேட்டால் வழி உண்டு என்பதற்கு அவை சாட்சி. கூடவே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவோ உரிமமோ எடுக்க வேண்டும்.

தரம் எண்ணில் இருக்கிறது. புளிக்கவைத்த வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. அதைச் சோதிப்பது பள்ளிக்கூட வேதியியல்தான். 5 மில்லி வினிகரில் சுத்தமான நீர் சேர்த்து, பினால்ப்தலின் இரண்டு சொட்டு விட்டு, 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மங்கிய இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மில்லிக்கும் 0.6 சதவீதம். 6.25 மில்லிக்குக் குறைந்தால் விற்கக் கூடாது, 7.5 வந்தால் நாலரை சதவீதம், மனநிறைவோடு அடைக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு படித்த பெண்ணோ பையனோ ஒரே நாளில் இதைப் பழகிக்கொள்ளலாம். சிறு ஆலையில் இந்த ஒரு சோதனையை நம்பிக்கையாகச் செய்யத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆல்கஹால் ஆறு, ஏழு சதவீதத்துக்கு மேற்படாத புளித்த சாற்றோடு, சூடுபடுத்தாத பழைய வினிகரை நான்கில் ஒரு பங்கு வரை சேர்த்து, அகன்ற வாய்க் கலனில் ஊற்றித் துணி கட்டி நிழலில் வைக்க வேண்டும். பழ ஈ புகாத நெருக்கமான துணி. ஒன்று முதல் இரண்டு மாதத்தில் அமிலம் ஏறி நிற்கும். வடிகட்டி, 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கி, பாட்டிலின் கழுத்துவரை அடைக்க வேண்டும். காற்று மிஞ்சினால் பாக்டீரியா மீண்டும் எழுந்து ஆடை கட்டும்.

சந்தை எங்கே? ஃபாஸ்ட்புட் வண்டிகளில் இருக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. லேபிளில் செயற்கை என்று எழுதியிருக்க வேண்டும். அதன் விலையோடு நீங்கள் போட்டிபோட முடியாது, முயலவும் வேண்டாம். ஊறுகாய் போடுபவர்கள், நல்ல ஓட்டல்கள், இயற்கை அங்காடிகள், கொடைக்கானல் சுற்றுலாக் கடைகள், இவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். பழநி பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் மலை வாழைப்பழத்தில் செய்த ஒரு பொருளை ஊர் பெயரைச் சொல்லி நாடு முழுக்க வாங்குகிறார்கள் என்றால், ‘கொடைக்கானல் பேரிக்காய் வினிகர்’ என்ற லேபிளுக்கும் இடம் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘சர்க்கரை நோய் தீரும், தொப்பை கரையும்’ என்று எழுதும் ஆசை வரும். 1954-ஆம் ஆண்டு மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவும் உடற்பருமனும் இருக்கின்றன. வினிகரை நீர்க்காமல் குடித்தால் பல் எனாமலும் தொண்டையும் புண்படும். சமையலுக்கான பொருள் என்று விற்பதே நேர்மை.

முதலீட்டுக்கு, 2020-இல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று வைத்தார்கள். இப்போது என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள். வடமதுரை, வேடசந்தூர் பக்கத்து மில்களில் ஷிப்டு பார்ப்பவர்கள், முதல் சரக்கு விற்றுக் காசாகும்வரை வேலையை விடாதீர்கள். வினிகர் பொறுமையான பொருள், வாரத்தில் சில மணி நேரம் கவனித்தால் போதும்.

சம்பளத்துக்குப் போகிறவருக்கு

யூனிட் போடுவது எல்லாருக்கும் ஒத்துவராது. புளிப்பு அறிவோடு வேலைக்குப் போவதற்கும் இடம் நிறைய இருக்கிறது. நாசிக்கிலும் கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கத்திலும் ஒயின் ஆலைகள் இருக்கின்றன. பெங்களூருவில் பீர் தயாரித்து அங்கேயே விற்கும் சிறு ஆலைகள் ஏராளம், சில சைடரும் செய்கின்றன. அங்கே கேட்பது உற்பத்தி உதவியாளர், தரக்கட்டுப்பாடு, ஆய்வகம் என்ற மூன்று வகை ஆட்களை. மது தொடர்பான இடம் வேண்டாம் என்று வீட்டில் நினைத்தால் அதற்கு மதிப்புக் கொடுங்கள். தயிர், பேக்கரி ஈஸ்ட், சாஸ், ஊறுகாய், மருந்துத் தொழிற்சாலை எல்லாவற்றிலும் இதே கை பயன்படும். இதற்கு ஒரு சாட்சி: இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே லாங் ஆஷ்டனில் 1903-இல் சைடர் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ரைபீனா என்ற குழந்தைகள் பானம் உருவானது அங்கேதான். இரண்டாம் உலகப்போரில் ஆரஞ்சு கிடைக்காதபோது பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கு வைட்டமின் சி கொடுக்க அந்த பிளாக்கரன்ட் பழச் சிரப்பைத்தான் அரசு வழங்கியது.

படிக்க எங்கே போவது? பக்கத்திலேயே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம், அதன் மனையியல் துறை, வேளாண் அறிவியல் நிலையம். மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில், முன்பு மனையியல் கல்லூரியாக இருந்த சமுதாய அறிவியல் கல்லூரியில் பழம், காய்கறி பதப்படுத்தல் சொல்லித்தருகிறார்கள். தஞ்சாவூரில் மத்திய அரசின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பட்டப்படிப்பும் தொழில்முனைவோர் பயிற்சியும் உண்டு. மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் குறுகியகாலப் பயிற்சிகளையும் பாருங்கள். ஆப்பிள் சைடரையே குறிவைப்பவருக்கு இமாசலத்தில் சோலன் பக்கம் நௌனியில் உள்ள யஷ்வந்த் சிங் பர்மார் தோட்டக்கலைப் பல்கலைக்கழகம்தான் சரியான இடம். பழ ஒயின், சைடர் ஆராய்ச்சியில் அவர்களுக்கு நீண்ட அனுபவம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்டாக் (FoSTaC) பயிற்சிச் சான்றிதழ் சீக்கிரம் கிடைப்பது, நேர்காணலில் பேசும்.

நேர்காணலுக்குப் போகும்போது பானத்தைக் கொண்டுபோகாதீர்கள். தக்காளி சாஸ் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நாளில் எந்த பிஎச், எந்தத் தொகுதி கெட்டது, ஏன் கெட்டது என்று நீங்களே எழுதிய பக்கங்கள் சான்றிதழைவிட நன்றாகப் பேசும். கெட்டுப்போன தொகுதியின் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள், மேலாளர் முதலில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.

கொடைக்கானலில் ப்ளம்ஸ் முடிந்த பிறகு பேரிக்காய் வரத்து தொடங்கும். யூனிட்காரர்கள் கலால் பிரிவுக்கான கடிதத்தை அதற்குப் பல மாதம் முன்பே, பொங்கல் முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். பதில் வர நாள் பிடிக்கும், பழம் காத்திருக்காது.